இருமலுக்கு லத்தீனில் பெயர் சூட்டுவது எப்படி? சொல் புனைவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டில் காலை ஐந்தே காலுக்கு அலாரம் அடிப்பதில்லை, மாமனார் இருமுவார். மூன்று சிறு இருமல், ஓர் இடைவெளி, அடிவயிற்றிலிருந்து ஒரு பெரிய இருமல், கடைசியில் நீளமான ஒரு செருமல். பால் பாக்கெட் போடும் பையன்கூட அந்தச் செருமலைக் கேட்ட பிறகுதான் படியேறுவான். இது நோயில்லை. மருத்துவர் பார்த்தாயிற்று, படமும் எடுத்தாயிற்று, நெஞ்சில் ஒன்றுமில்லை. ஐம்பது வருடப் பழக்கம், அவ்வளவுதான். ஒருநாள் எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள், "தாத்தா இருமலுக்கென்று தனியாக ஒரு பெயர் உண்டா, அம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்புறம் நாங்களே ஒன்றைச் சூட்டினோம்: துஸ்ஸிஸ் அவீத்தா.

மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருப்பார்களே ஒரு தாள், அதைத் தமிழாக்குவதும் பிழை திருத்துவதும் என் பிழைப்பு. நாள் முழுக்க லத்தீனோடும் கிரேக்கத்தோடும் மல்லுக்கட்டுகிறவளுக்கு அவற்றை வைத்து விளையாடும் ஆசை வருவது இயல்பு. நான்கைந்து வருட விளையாட்டில் தெரிந்துகொண்டதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

இதைச் சொல் விளையாட்டு என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் விளங்கும்படி வைத்துக்கொள்ளும் சொல்லை நன்னூல் குழூஉக்குறி என்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் உரையாசிரியர்கள் காட்டும் உதாரணங்கள். மருத்துவர்கள் விக்கலை ‘சிங்குல்டஸ்’ என்றும் தும்மலை ‘ஸ்டெர்னுடேஷன்’ என்றும் சொல்வது அதே வகைதான். அவர்களுடைய துணியை எடுத்து நம் அளவுக்குச் சட்டை தைக்கப் போகிறோம்.

முதல் படி: காதைத் தீட்டுங்கள்

சொல் இல்லாத இடம் எது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். தமிழ் இதில் ஏழை இல்லை. மார்பிலிருந்து வந்தால் இருமல். தொண்டையைச் சரிசெய்துகொண்டால் செருமல். ஆளை நிமிர்ந்து பார்க்கவைக்கக் கொடுக்கும் குரல் கனைப்பு. வறமிளகாய் தாளிக்கும்போது வீடே அனுபவிப்பது கமறல். தண்ணீர் தப்பான வழியில் போனால் புரையேறல். குழந்தைகளை இழுத்து இழுத்துப் படுத்துவது கக்குவான். இவற்றுக்கு லத்தீன் தேடுவது, இருக்கிற மூக்கின் மேல் இன்னொரு மூக்கை ஒட்டுவது போல.

பெயரில்லாதவற்றைத் தேடுங்கள். விடுப்புக் கேட்டு அலுவலகத்துக்குப் போன் செய்யும்போது மட்டும் வருகிற இருமல். விருந்தாளிகள் முன்னால் நான் உளறப் போகிறேன் என்று தெரிந்ததும் மாமியார் எழுப்பும் இருமல். கச்சேரியில் ஆலாபனை ஓடும்போது அடக்கி அடக்கி, தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் அரங்கம் முழுக்க வெடிக்கும் இருமல். ஒரு வாரம் ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். யார், எப்போது, எத்தனை முறை, பிறகு என்ன நடந்தது. நான்காவது தகவல்தான் முக்கியம். நல்ல பெயர் பெரும்பாலும் ஒலியிலிருந்து கிடைப்பதில்லை, காரியத்திலிருந்து கிடைக்கிறது.

இரண்டாம் படி: வேரைப் பிடியுங்கள்

இருமலுக்கு லத்தீன் சொல் துஸ்ஸிஸ். லத்தீனின் ‘த’ நம்முடைய ‘த’வுக்கு நெருக்கமானது, ஆங்கிலம் வழியாக வருவதால்தான் மருந்துச் சீட்டில் அது ‘டஸிஸ்’ ஆகிறது. இரண்டு ஸகரத்தையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ‘பட்டு’ என்பதையும் ‘படு’ என்பதையும் பிரித்தறிகிற நமக்கு இது ஒரு சிரமமே இல்லை. இந்த ஒரு வேர் பிரெஞ்சில் ‘தூ’, ஸ்பானியத்தில் ‘தோஸ்’, இத்தாலியத்தில் ‘தொஸ்ஸே’, ருமேனியத்தில் ‘துஸெ’ என்று இன்றும் இருமிக்கொண்டிருக்கிறது.

லத்தீன் என்றதும் பயப்படுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. பள்ளியில் வேற்றுமை உருபு படித்தவருக்குப் பாதி லத்தீன் வந்துவிட்டது. துஸ்ஸிஸ் என்றால் இருமல். துஸ்ஸிம் என்றால் இருமலை. துஸ்ஸீ என்றால் இருமலால். வினைச்சொல்லிலும் ஆள் யார் என்பதை ஈறே சொல்லிவிடும்: துஸ்ஸியோ, இருமுகிறேன், துஸ்ஸித், இருமுகிறான். ‘நான்’, ‘அவன்’ என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. இன்னொரு வேடிக்கை: துஸ்ஸிஸ் என்று குறிலாகச் சொன்னால் இருமல், துஸ்ஸீஸ் என்று நெடிலாக்கினால் ‘நீ இருமுகிறாய்’. குறில் நெடிலில் பொருள் மாறுவதை ஆங்கிலேயருக்கு விளக்கப் பாடுபட வேண்டும். நமக்கு ‘படம்’, ‘பாடம்’ என்றால் போதும்.

பழைய லத்தீன் பழமொழி ஒன்று உண்டு: அமோர் துஸ்ஸிஸ்க்வே நோன் கேலாந்துர். அன்பும் இருமலும் மறைக்கப்படுவதில்லை. ‘துஸ்ஸிஸ்’ஸின் வாலில் தொங்கும் ‘க்வே’ நம் எண்ணும்மையேதான். நாம் இரண்டு சொல்லிலும் ‘உம்’ சேர்ப்போம். ரோமானியர் சிக்கனக்காரர்கள், இரண்டாவதில் மட்டும் சேர்ப்பார்கள். முதலில் இந்தப் பழமொழியை நான்கு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாக்குக்குத் தாளம் பிடிபட்டுவிடும்.

மூன்றாம் படி: பாலைச் சரிபாருங்கள்

பெரும்பாலோர் வழுக்கி விழும் இடம் இது. லத்தீனில் இருமலுக்கும் பால் உண்டு, அது பெண்பால். காரணம் கேட்காதீர்கள், ரோமானியரே சொல்லவில்லை. ஆகவே அதனோடு சேரும் பெயரடையும் பெண்பாலாக இருக்க வேண்டும். வறண்ட என்பதற்கு ஆண்பாலில் சிக்குஸ், பெண்பாலில் சிக்கா. வறட்டு இருமல், துஸ்ஸிஸ் சிக்கா. துஸ்ஸிஸ் சிக்குஸ் என்று எழுதினால் ‘அவள் வந்தான்’ என்று எழுதியது போலாகும். இரண்டு சொல்லும் ‘ஸ்’ஸில் முடிந்து கேட்க இனிமையாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டுத்தான் எல்லோரும் இந்தக் குழியில் விழுகிறார்கள். நானும் விழுந்தேன்.

எங்கள் வீட்டுப் பெயருக்கு வருவோம். பாட்டனுக்கு லத்தீனில் அவுஸ். பாட்டனுக்குரியது, பாட்டன் வழி வந்தது என்பதற்கு அவீத்துஸ், பெண்பாலில் அவீத்தா. துஸ்ஸிஸ் அவீத்தா, அதாவது தாத்தா இருமல். அவீத்தா என்ற ஒலியிலேயே ஒரு தாத்தா ஒளிந்திருப்பதை மகள்தான் கண்டுபிடித்தாள். இது தற்செயல், சொற்பிறப்பு ஆராய்ச்சி என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

பாலில் நம்பிக்கை வராத வரைக்கும் ‘ஆலிஸ்’ என்று முடியும் பெயரடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வடிவம். துஸ்ஸிஸ் தியாத்ராலிஸ், அரங்க இருமல். துஸ்ஸிஸ் நுப்தியாலிஸ், முகூர்த்த நேரத்தில் ஹோமப் புகைக்கு வரும் இருமல். துஸ்ஸிஸ் செபுல்க்ராலிஸ் என்றால் கல்லறை இருமல். இந்த மூன்றாவது முழுக்க என் கற்பனையன்று: ஆளைக் கொண்டுபோய்விடும் போலிருக்கும் இருமலைப் பழைய ஆங்கிலத் தெருவழக்கில் ‘தேவாலய முற்றத்து இருமல்’ என்பார்கள். அங்கேதான் இடுகாடு. தெருவில் பிறந்த சொல்லுக்கு லத்தீன் அங்கி மாட்டியது மட்டுமே என் வேலை.

நான்காம் படி: ஈறுகளைக் கோத்துவிடுங்கள்

இந்த விளையாட்டின் முழு ருசியும் இந்தப் படியில்தான்.

சிறுமை காட்ட ‘குலா’ சேருங்கள்: துஸ்ஸிக்குலா, குட்டி இருமல். ஆள் பெயருக்கு ‘தோர்’: துஸ்ஸித்தோர், இருமுநர். அவர் பெண்ணானால் துஸ்ஸித்ரிக்ஸ். ஒரு செயல் தொடங்குவதைக் காட்ட ‘ஸ்கோ’: துஸ்ஸிஸ்கோ, இருமத் தொடங்குகிறேன். குமரப் பருவத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலும் நோயிலிருந்து தேறிவருவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலும் இந்த ‘ஸ்க்’தான் உட்கார்ந்திருக்கிறது.

என் செல்லப்பிள்ளை வேறொன்று. லத்தீனில் ஒரு செயலைச் செய்ய வேண்டும் என்ற உந்துதலைக் காட்டத் தனி ஈறு உண்டு: ‘உரியோ’. ‘எதோ’ என்றால் உண்கிறேன். ‘ஏசுரியோ’ என்றால் உண்ண வேண்டும் போலிருக்கிறது, அதாவது பசிக்கிறது. பிரசவ வேதனைக்கான சொல்லும், சிறுநீர் கழிப்பதற்கான மருத்துவச் சொல்லும் இந்த ஈற்றில் வந்தவையே. இதை இருமலில் சேர்த்தால் துஸ்ஸிதுரியோ: எனக்கு இருமல் வரப் பார்க்கிறது. இன்னும் வரவில்லை, வரும், வராமலிருக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கச்சேரியில் நடு வரிசையில், இரண்டு பக்கமும் ஆறு ஆறு பேர் உட்கார்ந்திருக்க, தம்பூரா மட்டும் ஒலித்துக்கொண்டிருக்கும் அந்த அரை நிமிடத்தை இதைவிடக் கச்சிதமாகப் பிடிக்கும் சொல் என்னிடம் இல்லை. ‘வரப் பார்க்கிறது’ என்று சொல்ல முடிகிற மொழிக்காரர்களுக்கு இந்த ஈற்றின் அருமை சட்டென்று புரியும். ஒருமுறை வீட்டுக்காரரின் கையில் ‘துஸ்ஸிதுரியோ’ என்று விரலால் எழுதிக் காட்டினேன். அவர் பையிலிருந்து ஒரு கற்கண்டை எடுத்து நீட்டினார்.

சேர்க்கக் கூடாத ஈறு ஒன்றும் உண்டு. தொண்டையிலும் மூச்சுக்குழலிலும் வரும் நோய்களின் பெயரெல்லாம் ‘ஐட்டிஸ்’ என்று முடிவதைப் பார்த்துத் துஸ்ஸைட்டிஸ் என்று கிளம்பிவிடாதீர்கள். அது கிரேக்க ஈறு. உடலுறுப்பின் பெயரோடு சேர்ந்து அந்த உறுப்பின் அழற்சியைக் குறிக்கும். குரல்வளை வீங்கலாம், மூச்சுக்கிளை வீங்கலாம். இருமல் எப்படி வீங்கும்?

பெயரடை கிடைக்காவிட்டால் ஆறாம் வேற்றுமையில் ஒரு பெயரைப் பின்னால் வையுங்கள். மாமியாருக்கு லத்தீனில் சொக்ருஸ். ‘மாமியாரின்’ என்பதற்கு ஈற்றை நெடிலாக்கிச் சொக்ரூஸ். ஆகத் துஸ்ஸிஸ் சொக்ரூஸ். கொஞ்சம் நாகரிகமாகச் சொல்ல வேண்டுமானால் துஸ்ஸிஸ் மொனிதோரியா, எச்சரிக்கை இருமல். விடுப்புக்கான இருமலுக்குத் துஸ்ஸிஸ் ஃபேரியாரும் கவ்சா. ஃபேரியாரும் என்றால் விடுமுறையின், கவ்சா என்றால் பொருட்டு. ‘விடுமுறையின் பொருட்டு’ என்று சொல்லுக்குச் சொல் தமிழ் வரிசை. ஆங்கிலத்தில் இதையே தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டும்.

ஐந்தாம் படி: முன்னொட்டு

இதற்கு இலக்கணப் பாடம் வேண்டாம். தடுப்பூசி அட்டையைப் பார்த்தால் போதும். 6, 10, 14 வாரங்களில் குழந்தைக்குப் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் ஒன்று பெர்டஸிஸ், நம் கக்குவான். ‘பெர்’ என்ற முன்னொட்டுக்கு ‘முற்றாக, கடுமையாக’ என்று பொருள். கடுமையான இருமல், அவ்வளவுதான். 17ஆம் நூற்றாண்டின் ஆங்கில மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம் பயன்படுத்திய சொல் அது. நோய்க்குக் காரணமான நுண்ணுயிரியை ஜூல் போர்டேயும் ஆக்டேவ் ஷாங்கூவும் 1906இல் பிரித்தெடுத்தபோது பழைய பெயரே அதற்கும் ஒட்டிக்கொண்டது.

அதற்கு முன்னால், 1578இல் பாரிஸில் இந்த நோய் பரவியபோது அதைப் பதிவுசெய்த கியோம் த பையூ என்ற மருத்துவர் தந்த பெயர் ‘குவிந்தா’. ஐந்தாவது என்று பொருள். ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை வருவதால் என்பது ஒரு விளக்கம். இன்றும் பிரெஞ்சில் விடாமல் வரும் இருமல் பொழிவைக் ‘கேன்த்’ என்றுதான் சொல்கிறார்கள். சீன, ஜப்பானிய, கொரிய மொழிகளில் இதே நோய் நூறு நாள் இருமல். ஒருவர் வேகத்தைப் பிடித்தார், ஒருவர் இடைவெளியைப் பிடித்தார், ஒருவர் கால அளவைப் பிடித்தார். உங்கள் நோட்டில் எது பளிச்சென்று தெரிகிறதோ அதைப் பிடியுங்கள்.

‘ரெ’ என்றால் திருப்பி. ஒருவர் இரும, நான்கு வரிசை தள்ளி இன்னொருவர் பதில் இருமல் இருமினால் ரெதுஸ்ஸித். ‘கொன்’ என்றால் சேர்ந்து. கூட்டாக இருமினால் கொன்துஸ்ஸியோ. ஆனால் ஒரு ஸகரம் குறைந்தால் அது கன்றிப்போன காயத்துக்கான லத்தீன் சொல்லாகிவிடும். எழுதும்போது கவனம்.

ஆறாம் படி: கிரேக்கம் கலக்கலாமா?

கலக்கலாம். தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள்; சுளிக்கட்டும். இருமல் அடக்கி என்ற பொருளில் மருந்துப் புட்டிமேல் இருக்கும் ‘ஆன்டிடஸ்ஸிவ்’ என்ற சொல்லே கலப்பு மணம்தான்: ‘ஆன்டி’ கிரேக்கம், ‘டஸ்ஸிவ்’ லத்தீன். தொலைக்காட்சிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லும் அப்படியே. இருமலுக்கான கிரேக்கச் சொல் ‘பேக்ஸ்’ என்பதை வைத்துக்கொண்டு நான் ஒன்றும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை. பால் வண்டிக்காரர் ஒலிபெருக்கியில் கூவுவது போலிருக்கிறது.

கலப்பின் உச்சம் எது என்றால் 1935இல் பிறந்த அந்த 45 எழுத்துச் சொல். அமெரிக்காவின் தேசியப் புதிர் ஆர்வலர் சங்கத் தலைவராக இருந்த எவரெட் ஸ்மித் புனைந்தது: நியூமோனோ அல்ட்ரா மைக்ரோஸ்கோபிக் சிலிக்கோ வால்கனோ கோனியோசிஸ். மூச்சு வாங்க வசதியாகப் பிரித்து எழுதியிருக்கிறேன். அசலில் இடைவெளியே கிடையாது. நுரையீரல் கிரேக்கம், அப்பால் லத்தீன், நுண்ணோக்கி கிரேக்கம், சக்கிமுக்கி லத்தீன், எரிமலை லத்தீன், தூசி கிரேக்கம். எரிமலையின் மிக நுண்ணிய மணல் தூசி நெஞ்சில் படிந்து வரும் நோயாம். கல் உடைப்போருக்கு வரும் சிலிக்கோசிஸ் என்ற நோய் நிஜமானது, கொடியது. இந்தச் சொல் மட்டும் அகராதியில் மிக நீளமானதாக இடம்பிடிக்க வேண்டும் என்றே செய்யப்பட்டது. இடமும் பிடித்தது. ஆனால் நினைவாற்றலைக் காட்டுவதற்கன்றி யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. உங்கள் சொல் இரண்டு மூச்சுக்குள் முடியட்டும்.

ஏழாம் படி: வேறு யாராவது குடியிருக்கிறார்களா என்று கதவைத் தட்டுங்கள்

துஸ்ஸிக்குலா என்ற சொல்லைக் கண்டுபிடித்துவிட்டதாக நான் இரண்டு நாள் பெருமையாகத் திரிந்தேன். பிறகு ஒரு லத்தீன் அகராதியைப் புரட்டினால், ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்பே ரோம எழுத்தாளர் இளைய பிளினி தன் கடிதம் ஒன்றில் அதை எழுதியிருக்கிறார். சோசிமுஸ் என்பவர் அவரால் அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்டவர். நல்ல நடிகர், நன்றாக வாசிப்பவர். முன்பு இரத்தம் கக்கியதால் பிளினி அவரை எகிப்துக்கு அனுப்பித் தேற்றினார். திரும்பி வந்து குரலுக்கு அதிகம் வேலை கொடுத்தார், ஒரு குட்டி இருமல் பழைய நோயை நினைவூட்டியது, மறுபடி இரத்தம். நல்ல காற்றும் பாலும் கிடைக்கும் என்று இன்றைய தெற்குப் பிரான்சிலிருந்த நண்பர் ஒருவரின் பண்ணைக்கு அவரை அனுப்பிவைக்கத்தான் அந்தக் கடிதம். குட்டி என்ற ஈறு அங்கே விளையாட்டில்லை. அதைப் படித்த பிறகு அந்தச் சொல்லை வேடிக்கைக்கு எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு முட்டல் வேறு விதம். மாமனாரின் இருமலுக்கு நான் முதலில் வைத்த பெயர் அவீத்தா இல்லை. வெளியிலிருந்து வரும்போதும் அவர் திண்ணையில் நின்று ஒருமுறை செருமிவிட்டுத்தான் உள்ளே வருவார்; வீட்டிலுள்ள பெண்களுக்கு ஆள் வருகிறது என்று சொல்லும் அந்தக் கால மரியாதை. ரோம வீட்டில் வாசற்கதவுக்கு முன்னால் இருக்கும் இடத்துக்கு வெஸ்திபுலும் என்று பெயர். திண்ணைக்கு இதைவிடப் பொருத்தம் உண்டா? துஸ்ஸிஸ் வெஸ்திபுலாரிஸ் என்று சூட்டி, மருத்துவம் படிக்கும் அண்ணன் மகனிடம் பெருமையாகச் சொன்னேன்.

"தலை சுற்றுகிறதா அவருக்கு?" என்று கேட்டான்.

"எதற்குத் தலை சுற்ற வேண்டும்?"

"வெஸ்டிபுலார் என்றால் உள்காது, அத்தை. உடல் நிலைதடுமாறாமல் பார்த்துக்கொள்ளும் உறுப்பு. காதுக்கும் இருமலுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்."

உள்காதிலும் ஒரு திண்ணை இருப்பதை அன்றுதான் கவனித்தேன். பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். மருத்துவ அகராதி, லத்தீன் அகராதி இரண்டிலும் தேடாமல் எந்தச் சொல்லையும் வெளியே விடாதீர்கள்.

எட்டாம் படி: முகத்தை இறுக்கிக்கொண்டு சொல்லுங்கள்

புனைந்த லத்தீனின் உயிர் அதைச் சொல்லும் தோரணையில் இருக்கிறது. இதற்குக் குரு பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேர். ‘கற்பனை நோயாளி’ என்ற அவர் நாடகத்தின் இறுதிக் காட்சியில் ஒருவருக்கு மருத்துவர் பட்டம் கொடுப்பார்கள். தேர்வு முழுக்கப் பிரெஞ்சும் லத்தீனும் கலந்த கதம்ப மொழியில். எந்த நோயைச் சொன்னாலும் பதில் ஒன்றுதான்: எனிமா கொடு, இரத்தம் எடு, பேதிக்குக் கொடு. அபினி ஏன் தூக்கம் தருகிறது என்றால், அதில் தூங்கவைக்கும் சக்தி இருப்பதால். இதை லத்தீனில் சொன்னதும் சபையோர் ‘பேனே, பேனே’ (நன்று, நன்று) என்று கோஷ்டியாகப் பாடுவார்கள். ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். அதனால் நாம் சிரிக்கிறோம்.

நோயே இல்லாத அந்த நோயாளியாக நடித்தவர் மோலியேரே. அவருக்கோ நிஜமாகவே நெஞ்சில் நோய் இருந்தது. ஐந்து வருடம் முன்னால் எழுதிய ‘கஞ்சன்’ நாடகத்தில் தன் இருமலையும் பாத்திரத்தோடு சேர்த்தே எழுதிவிட்டார். நீங்கள் இருமுவதுகூட அழகாகத்தான் இருக்கிறது என்று ஒரு தரகுக்காரி கஞ்சனுக்கு ஐஸ் வைப்பாள். 1673 பிப்ரவரி 17, ‘கற்பனை நோயாளி’யின் நான்காவது நாள் ஆட்டம். மேடையில் சமாளித்து முடித்தார். வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு, இருமிய வேகத்தில் இரத்தக்குழாய் ஒன்று உடைந்து அன்றிரவே இறந்தார். குழுவின் நடிகர் லா க்ராஞ்ஜ் தன் கணக்குப் புத்தகத்தில் இதை எழுதிவைத்திருக்கிறார். லத்தீனை வைத்து மருத்துவர்களை இவ்வளவு கேலி செய்தவரை இருமல் கேலி செய்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான்காவது நாளும் அவர் மேடையேறியதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

பயிற்சி: கண்ணாடி முன் நின்று, ‘இவருக்குத் துஸ்ஸிஸ் ஃபேரியாரும் கவ்சா, மூன்று நாள் ஓய்வு தேவை’ என்று சொல்லுங்கள். உதடு கோணினால் மறுபடியும் தொடங்குங்கள்.

ஒன்பதாம் படி: வேலி போடுங்கள்

வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ஒருநாள், ‘மாமனாருக்கு இன்று அவீத்தா கொஞ்சம் அதிகம்’ என்று எழுதிவிட்டேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, ஒரு கையில் கற்பூரவல்லித் தொட்டியும் மறு கையில் ஆடாதோடை இலையுமாக ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியம்மா வந்து நின்றாள். "என்னிடம் ஏன் மறைத்தாய்? இது எத்தனையாவது கட்டம்?" என்று கண் கலங்கினாள். விளக்கிச் சொன்ன பிறகு கோபம் வந்தது. தொட்டியை மட்டும் வைத்துவிட்டுப் போனாள். இப்போது நன்றாகத் தழைத்திருக்கிறது.

அன்றிலிருந்து எங்கள் சட்டம்: புனைந்த சொல் அதைப் புனைந்த கூட்டத்தைத் தாண்டக் கூடாது; நிஜ நோயாளியிடம் போகக் கூடாது; மருத்துவரிடம் பேசும்போது ‘வறட்டு இருமல், பத்து நாளாக, இரவில் அதிகம்’ என்று பச்சைத் தமிழில் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்தைத் தாண்டும் இருமலுக்குப் பெயரே சூட்டக் கூடாது. சளிப் பரிசோதனைக்குப் போக வேண்டும். காசநோய் என்ற பெயரிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது: வடமொழியில் ‘காச’ என்றாலே இருமல்தான்.

பத்தாம் படி: தேய விடுங்கள்

சொல் பிழைத்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? அதை யாராவது கடித்துத் துப்பியிருப்பார்கள். முழுதாக, பாலும் வேற்றுமையும் பிசகாமல் நீங்கள் மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால் அது இன்னும் உங்கள் நோட்டில்தான் இருக்கிறது.

1820களில் பிரான்சின் நான்ட் நகரிலும் பிறகு பாரிஸிலும், யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து ஏறிக்கொள்ளலாம் என்று பெரிய குதிரை வண்டிகள் ஓடத் தொடங்கின. அவற்றுக்கு லத்தீனில் பெயர்: ஓம்னிபுஸ். அனைவருக்கும் என்று பொருள். 1829இல் லண்டனுக்கும் வண்டி வந்தது. நாளடைவில் மக்கள் முன்பாதியை உதறிவிட்டுப் ‘பஸ்’ என்றார்கள். ‘ஓம்னி’தான் அனைத்து, ‘புஸ்’ வெறும் நான்காம் வேற்றுமைப் பன்மை உருபு. ‘அனைவருக்கும்’ என்ற சொல்லில் அனைவரையும் இறக்கிவிட்டுக் ‘க்கும்’ என்பதில் நாம் ஏறிப் போகிறோம்.

க்கும்! செருமுவதற்குத் தமிழில் நாம் எழுதுவதும் அதே எழுத்துகள்தான்.

எங்கள் வீட்டில் துஸ்ஸிஸ் எப்போதோ உதிர்ந்துவிட்டது. அவீத்தாவில் முதலெழுத்தும் போய்விட்டது. போன வாரம் காலை ஐந்தே காலுக்குப் பிறகு, லத்தீன் என்றால் என்னவென்றே கேட்டிராத பால்காரப் பையன் படியில் நின்று மகளிடம் விசாரித்துக்கொண்டிருந்தான்: "வீத்தா ஆகிவிட்டதா? கதவைத் தட்டலாமா?"